அறுகம்பேயில் பெரிய முனையும் சின்ன முனைகளும்: தனியாகப் போய்ப் பட்டவை

மட்டக்களப்புப் பக்கம் யாராவது பொத்துவிலுக்குப் பக்கத்து அறுகம்பேக்கு சர்ஃபிங் (பலகையில் நின்று அலையில் ஓடுவது) பழகப் போகிறேன் என்று சொன்னால் நான் உடனே கேட்பது: அலை உடைகிற எந்த முனைக்கு, எந்த மாதம், திரும்பி வர என்ன ஏற்பாடு? என்னிடம் அப்படி ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாதத்தில் ஏறிய கடல் முள்ளும், முழங்காலில் இன்னும் இருக்கிற தழும்பும், ஏறக்குறைய 70,000 ரூபாவும் மிச்சமாகியிருக்கும். அறுகம்பே அலைகளைப் பற்றி ஆங்கிலத்தில் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் அதெல்லாம் பலகையில் ஏற்கெனவே நிற்கத் தெரிந்த வெளிநாட்டுக்காரருக்கு எழுதியது. கல்லடியில் பஸ் ஏறி, கல்முனையில் நெரிபட்டு, அக்கரைப்பற்றில் மாறிப் போகிற ஒரு கணக்கு டீச்சருக்கு அதில் உதவுவது கொஞ்சம்தான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும்.

கடற்கரையில் பிறந்து வளர்ந்த நமக்குக் கடல் தெரியும் என்ற நினைப்பு எல்லாரிடமும் இருக்கிறது. கல்லடியில் அலை கரையிலேயே வந்து குத்தி விழும். நாம் கால் நனைத்துவிட்டுக் கடலை வாங்கித் தின்றுகொண்டு வீட்டுக்கு வருவோம். பாசிக்குடாவில் வெளியே இருக்கிற பார் (கடலடிப் பாறைத் திட்டு) அலையை மறித்துவிடுவதால் நெடுந்தூரம் இடுப்பளவுத் தண்ணீரில் நடக்கலாம். இந்த இரண்டு பழக்கமும் அறுகம்பேயில் எடுபடாது. எனக்கு நீந்தத் தெரியும், பாசிக்குடாவில் பழகியது. ஆனால் உடைந்த அலைக்குள் அகப்பட்டு, மேல் எது கீழ் எது என்று தெரியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பது வேறு வித்தை. பலகை காலோடு கட்டியிருக்கிறதே, அது மிதக்கும்தானே என்ற தைரியத்தில் நீச்சல் தெரியாமலே இறங்குகிற நம் பெடியங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கயிறு, லீஷ் என்பார்கள், அறுந்துபோகிற சாமான். 200 மீற்றர் நிற்காமல் நீந்த முடியாவிட்டால் பலகை வாடகைக் காசை முதலில் நீச்சல் பழகச் செலவழியுங்கள்.

ஆசிரியர்களுக்கு நீண்ட விடுமுறை ஓகஸ்டில். ஐரோப்பாவிலும் விடுமுறை அப்போதுதான். அலையும் அப்போதுதான் உச்சம். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க எனக்கு அவகாசம் இருக்கவில்லை. அம்மாவிடம் அக்கரைப்பற்றில் பாடத்திட்டக் கருத்தரங்கு என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன். மட்டக்களப்பில் இருந்து பொத்துவில் வரை ஏ4 வீதிதான்; 110 கிலோமீற்றர் அளவு. நேர் பஸ் கிடைக்காவிட்டால் அக்கரைப்பற்றில் மாற வேண்டும். அன்றைக்கு என்று பார்த்து ஆடி அமாவாசைச் சனம். திருக்கோவில் தீர்த்தத்துக்குப் போகிறவர்களோடு தம்பிலுவில் வரை ஒற்றைக் காலில் நின்றேன். பையில் உடுப்புத் தவிர ஒன்றும் இல்லாததால் தப்பினேன்; அந்த பஸ்ஸில் ஒரு பலகையோடு ஏறியிருந்தால் அடிதான் விழுந்திருக்கும். உங்களிடம் சொந்தப் பலகை இருந்தால் ஆடி அமாவாசை வாரத்தில் பஸ்ஸை நம்ப வேண்டாம். பொத்துவில் நகரத்தில் இறங்கினால் அறுகம்பேக்கு இன்னும் 3 கிலோமீற்றர், பாலம் தாண்டி. ஓட்டோவுக்கு 500 ரூபா கேட்டார்கள். ஏறும் முன் பேசிக்கொண்டால் குறையும். அறை விலை கேட்டதும் தலை சுற்றியது. மே மாதத்தில் 4,000 ரூபாவுக்குக் கொடுக்கிற அறை அப்போது 11,000. அதுவும் பின்பக்கம், மின்விசிறி மட்டும்.

இந்த அலை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மிச்சம் பல விஷயம் தானாக விளங்கும். மே முதல் செப்ரெம்பர் வரை இந்து சமுத்திரத்தின் தென்கோடியில் குளிர்காலப் புயல்கள். அவை கிளப்பிவிடுகிற அலை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தாண்டி நம் தென்கிழக்கு மூலைக்கு வந்து சேர்கிறது. இங்கே கரை நேர்கோடாக இல்லை. பாறையும் மணலுமாகச் சின்னச் சின்ன முனைகள் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அலை முதலில் முனையில் முட்டி, அதைச் சுற்றி வளைந்து, கரையோரமாக உரிந்துகொண்டே போகிறது. பலகையில் நிற்கிறவர் வலது பக்கமாக ஓடுவார். உகந்தை தொடங்கி, பாணமை வீதியில் பீநட் ஃபார்ம், எலிஃபண்ட் ரொக், பிறகு அறுகம்பேயின் மெயின் பொயின்ற் (பெரிய முனை என்று நான் சொல்வது இதைத்தான்), அதற்கு உள்ளே பேபி பொயின்ற், வடக்கே பொத்துவில் பொயின்ற், விஸ்கி பொயின்ற், இன்னும் மேலே கோமாரிப் பக்கம் லைட்ஹவுஸ் என்று வரிசையாக இருப்பதெல்லாம் இப்படிப்பட்ட முனைகள்தான். காலையில் காற்று தரையில் இருந்து கடலுக்கு வீசும், அலையின் முகம் வழுவழுவென்று இருக்கும். பதினொரு மணிக்கு மேல் கடல்காற்று எழும்பினால் குலைந்துவிடும். மாரி மழையோடு எல்லாம் குழம்பி, நவம்பரில் கடையைக் கட்டிவிடுவார்கள்.

இத்தனை முனை இருந்தும் சனம் ஏன் ஒன்றில் மட்டும் மொய்க்கிறது? மெயின் பொயின்றின் அலை பெரியது, நீளமானது, பெயர் பெற்றது. அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அறையில் இருந்து நடந்தே போகலாம். ஓட்டோ வேண்டாம், வழி கேட்க வேண்டாம். எழும்பிப் பல் துலக்கிவிட்டுப் பலகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனால் சரி. நானும் அப்படித்தான் போனேன். விடியற்காலை, கிழக்கு வெளுக்க முன். மீன்பிடி வள்ளங்களைத் தாண்டி, கற்பாறைத் தட்டில் நடந்து, ஒரு இடத்தில் அலை இறங்குகிற நேரம் பார்த்துக் குதிக்க வேண்டும். எனக்கு முன்னால் குதித்தவர்களைப் பார்த்துக் குதித்தேன். வெளியே போய்ச் சேர்ந்து தலை நிமிர்ந்து பார்த்தால் கல்முனைச் சந்தை.

அறுபது தலைக்குக் குறையாது. முனை அலையின் குணம், அது உடையத் தொடங்கும் இடம் ஏறக்குறைய ஒரே இடம். நீண்ட மணற்கரை என்றால் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போகலாம். இங்கே அறுபது பேரும் ஒரு வகுப்பறை அகலத்துக்குள் மிதந்துகொண்டு நிற்க வேண்டும். எனக்கு வேறு வேலை இல்லாததால் கணக்குப் பார்த்தேன். நல்ல அலை தனியாக வராது, நாலைந்து சேர்ந்து ஒரு தொகுதியாக வரும், பிறகு ஓய்வு. அன்றைக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு தொகுதி, தொகுதிக்கு நாலு என்று வைத்தால் மணித்தியாலத்துக்கு 24 அலை. அதில் பாதியை அந்த ஊரிலேயே வளர்ந்த, நன்றாகத் தெரிந்த பன்னிரண்டு பேர் எடுத்துவிடுவார்கள். எடுப்பதில் தப்பும் இல்லை, அது அவர்கள் முற்றம். மிச்சம் 12 அலை, 48 பேர். ஆளுக்கு மணித்தியாலத்துக்குக் கால் அலை. நாலு மணித்தியாலம் காத்துக் கிடந்தால் எனக்கு ஒன்று வரும், அதிலும் நான் நிற்கப் போவதில்லை. இந்தக் கணக்கை அறையில் இருந்துகொண்டே போட்டிருக்கலாம். நீங்கள் கரையில் நின்று போடுங்கள். பலகை எடுக்கும் முன் இருபது நிமிடம் கரையில் குந்தியிருந்து தலைகளையும் அலைகளையும் எண்ணினால் காசும் நேரமும் மிச்சம்.

அந்தக் கூட்டத்துக்குள் சட்டம் உண்டு. யாரும் எழுதி ஒட்டவில்லை. அலை உடைகிற இடத்துக்கு மிகக் கிட்ட இருப்பவருக்கே அந்த அலை. ஒருவர் எழும்பி ஓடிக்கொண்டிருந்தால் அவருக்கு முன்னால் இன்னொருவர் இறங்கக் கூடாது. வெளியே போகும்போது ஓடுகிறவரின் பாதையை வெட்டாமல் சுற்றிப் போக வேண்டும். முக்கியமாக, பெரிய அலை வருகிறதென்று பயந்து பலகையைக் கைவிட்டுவிட்டுத் தான் மட்டும் மூழ்கக் கூடாது. இந்தக் கடைசிச் சட்டம் எனக்கு முன்னால் இருந்த ஒரு வெளிநாட்டுக்காரருக்குத் தெரியவில்லை. தொகுதியின் மூன்றாவது அலை எங்கள் தலைக்கு மேல் எழும்பியது. அவர் பலகையை எறிந்துவிட்டு மூழ்கினார். லீஷ் நீளத்துக்கு, ஏழெட்டு அடி, அந்தப் பலகை பின்னோக்கி என் முகத்துக்கு வந்தது. நான் பக்கவாட்டில் புரண்டேன், அலை என்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாறைத் தட்டில் இறக்கியது. நம் பக்கம் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றர்கூட இல்லைதான். ஆனால் அந்தத் தட்டில் அடி கணக்கில்தான் தண்ணீர், அதில் அரை அடி குறைந்தாலே வித்தியாசம் தெரியும். எழும்பி நிற்கலாம் என்று கால் ஊன்றினேன். ஊன்றிய இடத்தில் கடல் முள்ளெலி.

அந்த வலியை எழுதத் தெரியவில்லை. பார்த்தால் உள்ளங்காலில் கறுப்புப் பென்சில் முனையால் குத்திக் குத்தி எடுத்தது மாதிரிப் புள்ளிகள், ஒவ்வொன்றும் உள்ளே உடைந்து நிற்கிற ஒரு முள். ஊசி எடுத்துக் கிளறினேன், இன்னும் உள்ளே போனது. அறை வீட்டுக்கார ராத்தா (முஸ்லிம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்) வந்து கையில் தட்டினா. "டீச்சர், அத நோண்டாதீங்க, நோண்டினா புண்ணாப் போயிரும்" என்று சொல்லி, பொறுக்கக்கூடிய சூட்டில் ஒரு வாளி சுடுதண்ணீர் கொண்டுவந்து காலை வைக்கச் சொன்னா. அரை மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருந்தேன். வலி பாதியாகியது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த முள்ளை மட்டும் சிறு இடுக்கியால் நேராக இழுத்தோம். உள்ளே உடைந்த சின்னத் துண்டுகள் நாளடைவில் தானாகக் கரைந்தோ வெளியேறியோ போகும். மூட்டுக்குப் பக்கத்தில் ஏறியிருந்தால், அல்லது வீக்கமும் காய்ச்சலும் வந்தால் வைத்தியரிடம் போக வேண்டும். முழங்காலில் கல் கிழித்த காயத்தைப் பெரிதாக எடுக்கவில்லை. அதுதான் பழுத்தது. கடற்பாறைக் காயத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத தூளெல்லாம் நிற்கும், நல்ல தண்ணீரும் சவர்க்காரமும் போட்டு எரிய எரியக் கழுவ வேண்டும். பொத்துவில் ஆஸ்பத்திரியில் ஏற்பு ஊசி போட்டு மருந்தும் தந்தார்கள், காசு இல்லை. தண்ணீருக்குள் போடுகிற இறப்பர்ச் சப்பாத்து அங்கே வாடகைக்குக்கூடக் கிடைக்கும். பாறைத் தட்டுள்ள முனைக்கு அது இல்லாமல் போகாதீர்கள். அழகு குறைந்தாலும் பரவாயில்லை.

பிறகு பலகைக் கதை. என்னிடம் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டுதான் கடையில் பலகை தந்தார்கள், நாளுக்கு 2,000 ரூபா. பளபளவென்ற கடினப் பலகை. 'இதுதான் அக்கா நல்லா ஓடும்' என்றார் அங்கிருந்த தம்பி. திருப்பிக் கொடுக்கும்போது பலகையின் அடியில் இருக்கிற துடுப்பு, ஃபின் என்பார்கள், ஒன்று உடைந்திருந்தது, ஓரத்தில் ஒரு வெடிப்பு. அவை பாறையில் பட்டவை, மறுக்கவில்லை. ஆனால் அடியில் இருந்த பழைய ஒட்டுக்களையும் காட்டி 28,000 ரூபா என்றார் முதலாளி. அட்டை அவர் கையில், கால் வீக்கம், பேசத் தெம்பில்லை. ராத்தாவின் மகன் வந்து கதைத்ததில் 19,000-க்கு இறங்கியது. இப்போது நான் செய்வது: எடுக்கும் முன்பே பலகையின் நாலு பக்கத்தையும், ஃபின்களையும், லீஷ் முடிச்சையும் கடைக்காரரை அருகில் நிறுத்தி வைத்துக்கொண்டு கைபேசியில் வீடியோ எடுக்கிறேன். உடைந்தால் எதற்கு எவ்வளவு என்று அப்போதே கேட்கிறேன். அட்டையைக் கொடுப்பதில்லை, பிரதியும் கொஞ்சக் காசும் வைத்துவிட்டு வருகிறேன், ஒத்துக்கொள்ளாத கடையை விட்டு அடுத்த கடைக்குப் போகிறேன். பழகுகிறவர் எடுக்க வேண்டியது எட்டு, ஒன்பது அடி மெத்துப் பலகை. அது பாறையில் பட்டாலும் இலேசில் உடையாது, இன்னொருவர் தலையில் பட்டாலும் மண்டை பிளக்காது, சின்ன அலையையும் பிடிக்கும்.

கருத்தரங்கு முடிந்து நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அம்மா என் பாதத்தைத் திருப்பிப் பார்த்தா. "என்ன புள்ள, கருத்தரங்குல முள்ளுப் பாயிலயா இருத்தினவங்க?" என்றா. அதோடு உண்மையைச் சொல்லிவிட்டேன். மூன்று நாள் பேசவில்லை, நாலாம் நாள் சுடுதண்ணீர் வைத்துத் தந்தா.

பெரிய முனையில் இவ்வளவு பட்டால் யாருக்கும் வருகிற எண்ணம்தான் எனக்கும் வந்தது: ஆளில்லாத இடமாகப் போவோம். உகந்தை நமக்குத் தெரியாத இடமா? சின்ன வயதில் கொடியேற்றத்துக்கும் தீர்த்தத்துக்கும் எத்தனை தரம் போயிருக்கிறோம். முருகன் கோவில் மலைக்குப் பக்கத்து முனையில் அருமையான அலை வருகிறது என்பதும், உலகம் சுற்றுகிறவர்கள் அதைத் தேடி வருகிறார்கள் என்பதும்தான் புதுச் செய்தி. காயம் ஆறிய பிறகு, திருவிழாச் சனமெல்லாம் போய், கதிர்காமப் பாதயாத்திரைக்காரரும் காடு கடந்து முடிந்த ஒரு கிழமை நாளில் போனேன். அங்கேதான் விஷயம் இருக்கிறது. திருவிழாக் காலத்தில் பஸ், லொறி, தண்ணீர்ப் பந்தல், பொலிஸ் என்று கலகலப்பாக இருக்கிற அதே பாதை, மற்ற நாளில் பாணமைக்கு அப்பால் வெறும் கிரவல் வீதி. ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் வில்லு (தண்ணீர் தேங்கி நிற்கிற சதுப்பு). குமண சரணாலயத்தின் வாசல் உகந்தையில்தான் இருக்கிறது. ஆனால் யானைக்கு வாசல் எங்கே என்று தெரியுமா? அறுகம்பேயில் இருந்து 30 கிலோமீற்றர் அளவு தூரம். போய்வர 7,000 ரூபா என்று ஓட்டோ பேசி, முழுக்காசையும் முன்னாலேயே கொடுத்தேன். பின்னேரம் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லி விட்டுவிட்டுப் போனார்.

அன்றைய காலை போல ஒரு காலை எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. தண்ணீரில் ஐந்து பேர். பாறைப் பக்கத்து அலை எனக்குக் கட்டாது, பலமானது. அதை அந்த ஐந்து பேருக்கும் விட்டுவிட்டு உள்ளே மணல் பக்கமாக மெத்துப் பலகையோடு நின்றேன். விழுந்தேன், எழும்பினேன், யாரும் கத்தவில்லை. முதன்முதலாக இரண்டு காலையும் பலகையில் ஊன்றி, கரை என்னை நோக்கி வருவதைப் பார்த்தேன். ஆனால் பத்து மணிக்கெல்லாம் அந்த ஐந்து பேரும் தாங்கள் கொண்டுவந்த வான் வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். கொண்டுபோன தண்ணீர் முடிந்தது. கோவிலில் ஐயா குடிக்கத் தண்ணீரும் மத்தியானம் சோறும் தந்தார். நாலு மணி ஆகியது, ஓட்டோ இல்லை. ஐந்து ஆகியது. கைபேசியில் ஒரு கோடு சிக்னல் வரும், போகும். ஒருமுறை அழைப்புப் போனது, அவர் எடுக்கவில்லை. வேறு ஓட்டம் கிடைத்திருக்கும், முழுக்காசும் ஏற்கெனவே அவர் சட்டைப்பையில். பொழுது சாய்கிறபோது கோவில் ஐயா, "மகள், இனி நடக்கிற எண்ணம் வேண்டாம், இங்கேயே இருங்க" என்றார். நடக்கிற எண்ணம் எனக்கு ஏற்கெனவே போய்விட்டிருந்தது. குமணவில் இருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வெளியே வந்த சஃபாரி ஜீப் ஒன்றை அவரே மறித்துக் கதைத்து ஏற்றிவிட்டார். பாணமைக்கு இங்கால் வீதியில் தனியாக ஒரு கொம்பன் யானை. சாரதி எஞ்சினை நிற்பாட்டாமல் வெளிச்சத்தை மட்டும் குறைத்துவிட்டுக் காத்திருந்தார். ஜீப்புக்குள் யாரும் மூச்சு விடவில்லை. அது காதை ஆட்டிக்கொண்டு வீதியை அளந்து பார்த்துவிட்டுக் காட்டுக்குள் இறங்க இருபது நிமிடம் எடுத்தது. ஜீப்புக்கு 5,000 கொடுத்தேன். சந்தோசமாகத்தான்.

ஆகவே சின்ன முனை இலவசம் என்று நினைக்க வேண்டாம். பெரிய முனை கூட்டத்தாலும் பாறையாலும் வாங்குவதைச் சின்ன முனை தூரத்தால் வாங்கிக்கொள்ளும். ஆளில்லாத கடலில் அடிபட்டால் தூக்கவும் ஆளில்லை. தூர இடத்துக்குப் போவதானால் பாதிக் காசுதான் முன்னால், மீதி திரும்பி வந்த பிறகு. அதைவிட நல்லது, ஓட்டோக்காரரை அங்கேயே நிற்கவைப்பது. காத்திருப்புக்குக் கூடுதலாக 2,000 கொடுத்தாலும் நட்டமில்லை. இப்போது நான் கூப்பிடுகிற பொத்துவில் ஓட்டோக்காரக் காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒருவர் பாயும் சாப்பாட்டுப் பொட்டலமும் கொண்டுவந்து மர நிழலில் படுத்துவிடுவார். பீநட் ஃபார்ம், எலிஃபண்ட் ரொக் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று: அங்கே முனைக்குப் பின்னால் களப்பும் கண்டல் ஓரமும் இருக்கிறது, முதலை இருக்கிறது. 2017 செப்ரெம்பரில் ஒரு பிரித்தானியப் பத்திரிகையாளர் அந்தப் பக்கத்துத் தண்ணீரோரத்தில் முதலை பிடித்து இறந்தார். மணல் கழுவ, கால் கழுவ என்று களப்புக்குள் இறங்காதீர்கள், கடலிலேயே கழுவுங்கள். இருட்டினால் அந்த ஒற்றையடிப் பாதைகளில் நடக்கவும் வேண்டாம்.

கடைசியில் நான் பழகியது பேபி பொயின்றிலும் விஸ்கியிலும். பேபி பொயின்ற், பெயருக்கேற்ற மாதிரி, மெயின் பொயின்றைச் சுற்றி வந்து களைத்துப்போன அலை. வேகம் குறைவு, அறையில் இருந்து நடை தூரம், அங்கேயும் ஆங்காங்கே கல் உண்டு. பழக்குகிற பெடியன் ஒருவரை வைத்துக்கொண்டால் அவர் எந்த அலை வருகிறது, எப்போது எழும்ப வேண்டும் என்று சொல்லித் தள்ளிவிடுவார். ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல், 5,000 ரூபா கொடுத்தேன். முதல் நாளே இதைச் செய்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும் என்று கணக்குப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. விஸ்கி பொயின்ற் பொத்துவில் தாண்டி வடக்கே, ஓட்டோவில் இருபது நிமிடம் அளவு. முனையடியில் சில பாறை, மற்றபடி அடியில் பெரும்பாலும் மணல், அலை மெதுவாக நீண்டு போகும். விழுந்தால் மணலில் விழுவோம் என்று தெரிந்தால் உடம்பு தானாகத் தளர்கிறது, தளர்ந்தால்தான் நிற்க முடிகிறது. ஆனால் எட்டு மணிக்கு மேல் போனால் பாடசாலை வான்கள் மாதிரி ஓட்டோக்கள் வரிசையாக வந்து பழகுகிறவர்களை இறக்கும். அப்போது சின்ன முனையிலும் பெரிய முனைச் சனம்தான். வித்தியாசம், இங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது, பலகைகள் எல்லாத் திசையிலும் பறக்கும். ஆறு மணிக்குத் தண்ணீரில் இருக்க வேண்டும், எட்டுக்குக் கரையேற வேண்டும். வெயில் சுடுகிற மத்தியானத்தில் சனம் குறையும், ஆனால் காற்றில் அலை கரடுமுரடாகிவிடும். பழகுகிறவருக்கு வெள்ளை நுரையே போதும் என்பதால் அதுவும் பரவாயில்லை. பொத்துவில் பொயின்ற் அழகான நீள அலை, அடியில் மணல். அலை பெரிதாக வருகிற நாளில்தான் அது சரியாக வேலை செய்யும். சின்ன நாளில் ஓட்டோக் காசு வீண்.

பெண்கள் கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன். முழங்கால் தாண்டிய இறுக்கமான காற்சட்டையும் கைநீளச் சட்டையும் போட்டுத்தான் நான் இறங்குகிறேன். வெயிலுக்கும் பாறைக்கும் பலகை உரசலுக்கும் அதுதான் நல்லது, நம் ஊர்க் கண்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்காது. சேலைக்குக் குத்துகிற மாதிரி நாலைந்து ஊசியால் சட்டையைக் குத்திக்கொண்டு இறங்கிய ஒரு தங்கச்சியைப் பார்த்தேன், அது கடலில் கழன்று குத்தும், வேண்டாம். அறுகம்பேயில் 2018-இல் ஊர்ப் பெண்கள் சேர்ந்து தொடங்கிய சர்ஃபிங் கழகம் ஒன்று இருக்கிறது, நாட்டில் பெண்களுக்கென்று தொடங்கிய முதல் கழகம். பிள்ளை பெற்ற தாய்மாரும் அதில் அலை பிடிக்கிறார்கள். அவர்கள் தண்ணீரில் நிற்கிற நேரமாகப் பார்த்துப் போனால் தனியாகப் போன பயம் பாதி குறையும். அறையும் குடும்பம் நடத்துகிற வீட்டில் எடுங்கள். விலையும் குறைவு, கால் வீங்கினால் சுடுதண்ணீரும் வரும்.

மாதத்தைப் பற்றி ஒரு சொல். ஓகஸ்டை விட்டுவிடுங்கள். செப்ரெம்பர் நடுவில் ஐரோப்பாக்காரர் போய்விடுவார்கள், அறை விலை பாதிக்கு இறங்கும், அலை ஒக்டோபர் தொடக்கம் வரை வந்துகொண்டிருக்கும். பாடசாலை தொடங்கிவிடும்தான். அதனால் வெள்ளிக்கிழமை மணி அடித்ததும் நேரே பஸ், இரவு ராத்தா வீட்டில் புட்டு, சனி விடிய காக்காவின் ஓட்டோவில் விஸ்கி. அறை, சாப்பாடு, பலகை, ஓட்டோ எல்லாம் சேர்த்து 15,000 ரூபாவுக்குள் முடிகிறது. ஞாயிறு பின்னேர பஸ்ஸில் ஒலுவில் பல்கலைக்கழகத்துக்குத் திரும்புகிற பிள்ளைகள் நிறைந்துவிடுவதால் பகல் ஒரு மணிக்கு முன்னமே பொத்துவிலில் ஏறிவிடுங்கள்.